கிளேஸுக்குக் கீழே இருந்த கீறல்

திண்டிவனத்தில் பல்லுக்கு கேப் செய்யும் லேப்பில் வேலை பார்க்கிறேன். என் கையில் வரும் ஒவ்வொரு சிர்கோனியா (வெள்ளைப் பீங்கான்) கேப்பின் தடிமனையும் நோட்டில் எழுதி வைப்பேன். லேப்பில் இதற்காகக் கிண்டல் செய்வார்கள். விழுப்புரத்து கிளினிக் ஒன்றுக்குச் செய்த கேப்புக்கு எழுதியது இது: “கீழ் வலது கடைவாய்ப் பல். கடிக்கும் பரப்பு 1 மி.மீ. பாலிஷ், கிளேஸ் முடிந்தது.”

இரண்டே நாளில் அது அந்த கிளினிக்கிலிருந்து பஸ் பார்சலில் திரும்பி வந்தது. பின்னாலேயே டாக்டரின் போன். என்னைவிட வயதில் சிறியவர்.

“அண்ணா, கடிச்சுப் பாக்கும்போது கேப் ஹைட்டா இருந்துச்சு, தேய்ச்சு கிரைண்ட் பண்ணிட்டேன். ஒரு கோட் கிளேஸ் போட்டு ஜல்தி அனுப்புங்க. நாளைக்கு ஒட்டணும்.”

டப்பாவைத் திறந்தேன். மேற்பரப்பு முழுக்கக் கோடு கோடாகக் கீறல். நடுவில் அளந்தேன்: 0.5 மி.மீ.

“டாக்டர், பாதியா மெலிஞ்சிருக்கு. கீறலும் ஆழம். புதுசா செஞ்சு தர்றேன், ரெண்டு நாள் குடுங்க.”

“அதான் கிளேஸ் போடப் போறீங்களே. போட்டா ஸ்ட்ராங் ஆயிடும் இல்ல?”

பல் மருத்துவம் படித்தவர் கேட்ட கேள்வி இது. கிளேஸ் என்பது சூளையில் உருகிப் படியும் மெல்லிய கண்ணாடிப் பூச்சு. பளபளப்பு தரும், பலம் தராது. கீறலை மூடும், இல்லாமல் ஆக்காது. அழுத்தம் விழுந்தால் விரிசல் அந்தக் கீறலிலிருந்துதான் கிளம்பும். இதையெல்லாம் சொன்னேன். “லெக்சர அப்புறம் கேட்டுக்கறேண்ணா” என்று போனை வைத்துவிட்டார். லேப் முதலாளியும், “டாக்டர் கேக்கறத செய்ங்க, பேஜாரு பண்ணாதீங்க” என்றார்.

செய்தேன். சூளையிலிருந்து எடுத்தபோது அது புதுக் கேப்பைவிட அழகாக மின்னியது. நோட்டில் எழுதினேன்: “கீறல் மேல் கிளேஸ். நடுவில் 0.5. சொல்லியும் கேட்கவில்லை.”

அடுத்த மாதம் வேறொருவருக்குப் பல்லின் நிறம் பார்க்க அந்த கிளினிக்குக்குப் போயிருந்தேன். நாற்காலியில் கண்டமங்கலத்து அம்மா ஒருவர். கைக்குட்டை முடிச்சில் அதே கேப், இரண்டு துண்டாக. அவருக்கு இடது பக்கம் கடைவாய்ப் பல்லே கிடையாது. மென்று சாப்பிட இந்த ஒரு பல்தான்.

“மல்லாட்டை கடிச்சீங்களா?” என்றார் டாக்டர்.

“வேக வெச்ச வேர்க்கடலதான் சார்.”

“கடிக்கக் கூடாதுன்னு சொன்னேனா இல்லியா?”

“கடிக்காம இத எதுக்கு சார் வாயில வெச்சிக்கினு இருக்கணும்? சிரிச்சாகூட வெளிய தெரியாதே!”

வாசலில் காத்திருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். டாக்டர் சிரிக்கவில்லை. “உங்க கடிக்கு கேப் நிக்காது. பல்ல எடுத்துடலாம்” என்றார்.

நல்ல பல் அது. துண்டுகளை வாங்கி லென்ஸில் பார்த்தேன். உடைந்த விளிம்பு ஒரு கீறலின் வழியாகவே ஓடியிருந்தது.

“அம்மா, தப்பு உங்க மேலயும் இல்ல, மல்லாட்டை மேலயும் இல்ல. கேப்ப தேய்ச்சது இவரு. பூசி மறைச்சு அனுப்புனது நானு.”

“பேஷன்ட் முன்னாடி என்ன பேசறீங்க?”

“போன்ல பேசினேன், நீங்க வெச்சுட்டீங்க.”

அந்த அம்மா நாற்காலியை விட்டு இறங்கினார். “பல்ல புடுங்க வேணாம் சார். ஒழுங்கா ஒண்ணு செஞ்சு குடுங்க.”

வெளியே அத்தனை பேர் கேட்டுக்கொண்டிருக்கும்போது டாக்டரால் முடியாது என்று சொல்ல முடியவில்லை. கேப்புக்கு இடம் இருக்கும்படி பல்லைக் கொஞ்சம் தேய்த்து, மறுபடி அளவெடுத்தார். நடுவில் ஒரு மில்லிமீட்டருக்குக் குறையாமல் செய்தேன். கடிக்கும் பரப்பில் கிளேஸ் போடாமல், ரப்பர் சக்கரங்களால் படிப்படியாக பாலிஷ் மட்டும் செய்தேன். அது அந்த அம்மாவின் வாயில் பொருந்திவிட்டது.

அதன் பிறகு டாக்டர் முதலாளிக்குப் போன் செய்து, என்னை இனி கிளினிக்குக்கு அனுப்ப வேண்டாம் என்றார். முதலாளியும் சரி என்றுவிட்டார். கீறியவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. போன வாரம் அங்கிருந்து இன்னொரு கேப் அதே மாதிரிக் கீறலோடு வந்தது. கூடவே ஒரு சீட்டு: “கிளேஸ் மட்டும்.” நான் யாரிடமும் அனுமதி கேட்காமல் புதிதாகச் செய்து அனுப்பினேன்.