இரண்டு பேரில் ஒரு வம்சம்

மகளைப் பள்ளியில் சேர்த்தபோது எழுத்தர் வீட்டுப்பேர் கேட்டார். இங்கே மலையாளிகள் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒன்று வைத்திருப்பார்கள். எனக்கு இல்லை. கட்டத்தைக் காலியாக விடக்கூடாது என்றார். நான் சுமை தூக்கும் சாலைச் சந்தையில் ஒரு லாரி அரிசி இறக்க ஆள் போதாமல் நின்றது. நாங்கள் பின்கட்டில் வாடகைக்கு இருந்த வீட்டின் பேரைச் சொல்லிவிட்டு ஓடினேன்.

அவள் ஐந்தாம் வகுப்புக்கு வந்த வருஷம், நாலு தலைமுறை எழுதி வரும்படி டீச்சர் சொன்னார். என்னிடம் கேட்டாள். அசதியில், "போய் வேற பாடம் படி" என்றேன். அவள் முன்கட்டுக்குப் போய் வீட்டுக்காரரிடம் கேட்டிருக்கிறாள். வீட்டுப்பேர் ஒன்றுதானே! அவரும் குஷியாகத் தன் அம்மையின் அம்மையிலிருந்து தொடங்கி எல்லோரையும் சொல்லியிருக்கிறார்.

டீச்சருக்கு அந்தக் குடும்பம் தெரியும்; இது கள்ளம், பொய் என்றாராம். "பாண்டிக்கு எங்ஙனே இந்தத் தறவாடு?" என்று வகுப்பே சிரித்ததாம். பாண்டி என்றால் இங்கே தமிழன்; தறவாடு, பரம்பரை வீடு. மகள் நோட்டை என் முன்னால் எறிந்தாள்.

"நம்ம ஆளுகளச் சொல்லுங்கப்பா. திங்களாழ்ச்ச குடுக்கணும். இல்லேங்கில் நான் கள்ளிதான்."

"எங்கப்பா பேர எழுது."

"அவருக்க அப்பா?"

"என் பேருதான்."

"களியாக்காதீங்க!"

விளையாடவில்லை. எங்களில் தலைப்பிள்ளைக்குத் தாத்தா பேர்தான் வைப்பார்கள். மாமனார் பேரை வாயால் சொல்லக்கூடாது என்று என் அம்மா என்னை எப்போதும் "ஏலே" என்றுதான் கூப்பிட்டாள். தாத்தாவின் அப்பாவுக்கு என் அப்பாவின் பேர்.

"ரெண்டே பேரா? டீச்சர் இதையும் கள்ளம்னு சொல்லுவா. பெண்ணுங்க?"

அம்மாவின் பேர் தெரியும். அப்பாவைப் பெற்றவளை ஆச்சி என்றோம். அவள் பேரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. நான் பத்து வயதில் வீட்டைவிட்டு ஓடியவன். ஹோட்டல்களில் மேசை துடைத்தேன், ரயிலில் படுத்தேன். திரும்பிப் போனபோது கேட்பதற்கு வீட்டில் ஆள் இல்லை.

"ஒண்ணும் அறியாதா உங்களுக்கு?" என்றாள். கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாததால் அவளைத்தான் திட்டினேன்.

திங்கட்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். நான் நேரில் சொன்னால்தான் டீச்சர் நம்புவாராம். கூலி வேலையை விட்டுவிட்டு வகுப்பு வாசலில் நின்றேன். பேர் வைக்கும் வழக்கத்தை விளக்கினேன். டீச்சர் தாளை வாங்கி மேலிருந்து கீழாக விரல் வைத்துப் படித்தார்.

"சரி, ஆணுங்க காரியம் மனசிலாயி. கள்ளமில்ல." மகளின் தோள் கொஞ்சம் இறங்கியது. பிறகு விரல் பக்கத்தில் பெண்களுக்கான காலிக் கட்டங்களுக்கு நகர்ந்தது. "இவங்களப் பெத்தவங்க?"

"இருந்தாங்க டீச்சர். நான் கேட்டுக்கிடல."

அவர் தாளைச் சுவரில் மற்றவற்றோடு ஒட்டச் சொன்னார். மகள் ஒட்டினாள். காலிக் கட்டங்கள் தெரியாதபடி பக்கத்துப் பிள்ளையின் தாளை அதன்மேல் கொஞ்சம் ஏற்றி ஒட்டினாள்.