சூடேற்றும் அறையில் நட்சத்திரம் தேடியவர்

டாக்டர் ஜெயசீலி போய்விட்டார் என்று மண்ணூரிலிருந்து நம்மோடு வேலை பார்த்த தேவராஜ் போன் செய்தபோது, அழுகைக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. இரங்கல் கூட்டத்தில் யாரோ, “பாவம், வசதியில்லாமல் கஷ்டப்பட்ட விஞ்ஞானி” என்றாராம். பாவமா? அவரா? நம் டெஸ்ட் செக்‌ஷன்காரர்களே, நமக்குத் தெரியாதா!

பென்னலூர்ப் பக்கம் நாம் கம்ப்யூட்டர் பூட்டிய காலம். பூட்டியதை அனுப்புமுன் ஒரு ஷிஃப்ட் முழுக்க ஏதோ ஒரு வெட்டிக் கணக்கை ஓடவிட்டுச் சூடேற்றிப் பார்ப்போம். பழுதிருந்தால் தெரிந்துவிடும் என்பது நம்பிக்கை. டாக்டரம்மாவிடமோ தொலைநோக்கி எடுத்த வானப் படங்கள் மலைபோலக் கிடந்தன. ஒளி மாறும் நட்சத்திரங்களை அவற்றில் தேடக் கம்ப்யூட்டர்கள் இல்லை. தன் ஆராய்ச்சி நிறுவனத்தில் கேட்டு அலுத்துப்போய் நம் வாசலுக்கு வந்தார்.

“வெட்டிக்கு ஓடுற மெஷின்ல என் படங்களை ஓட்டுங்க. எதை ஓட்டினாலும் சூடு ஒண்ணுதானே?”

“இன்னா மேடம், இது ஃபேக்டரியா, ஜோசியக் கடையா?” என்றார் மேனேஜர்.

“ஜோசியருக்கு ஒன்பது கிரகம் போதும். எனக்குப் பத்தாது.”

மேனேஜர் சிரித்துவிட்டு மெஷின்கள் அடுக்கிய ஒரு ரேக்கை ஒதுக்கினார்.

சில வாரத்தில் ஒரு நட்சத்திரம் மினுக்கி மினுக்கி மாறியது. ஆளுக்கொரு மைசூர்பாகு கொடுத்தார். அதே படங்களை வேறு மெஷினில் ஓட்டினால் நட்சத்திரம் சும்மா இருந்தது! முதல் மெஷினின் மெமரியில் கோளாறு. அவருடைய நிறுவனத்தில் சிரிப்பாய்ச் சிரித்தார்கள். ஆய்வையே நிறுத்தச் சொன்னார்கள்.

“போதும் மேடம், வூட்டுக்குக் கெளம்புங்க” என்றார் மேனேஜரும்.

மறுநாள் காலை, கம்பெனி பஸ் வருமுன்பே அவர் வாசலில் நின்றார்.

“மெமரி கெட்டிருக்குன்னு உங்க கணக்கு சொல்லலையே. பாஸ் போட்டு அனுப்பியிருப்பீங்க. என் நட்சத்திரம்தான் புடிச்சுக் குடுத்துச்சு. இப்ப யாரு கெளம்பணும்?”

மேனேஜர் தானே கேட்டைத் திறந்து அவரை உள்ளே கூட்டிப்போனதை நான் கண்ணால் பார்த்தேன். அன்றிலிருந்து எல்லா ரேக்கிலும் அவருடைய படங்கள்தான். ஒவ்வொரு படமும் இரண்டு மெஷினில் ஓடும். விடை ஒத்துவராவிட்டால் இரண்டு மெஷினும் பூட்டுகிற லைனுக்கே திரும்பும்.

அப்படிக் கிடைத்த நட்சத்திரங்களை வெளியூர்த் தொலைநோக்கிகளும் பார்த்து உறுதி செய்தன. கட்டுரை அச்சாகும்போது, நன்றிப் பகுதியில் தொழிற்சாலையின் பெயர் எதற்கு என்று அவருடைய மேலதிகாரி கேட்டார். “செக்‌ஷன் பேரை எடுத்தா என் பேரையும் எடுத்துடுங்க” என்றார் டாக்டரம்மா. இரண்டும் அச்சில் நின்றன.

என்னைவிட அவரை நன்றாக அறிந்தவர்கள் அவருடைய அறிவைப் பேசட்டும். ஊரே சிரித்த மறுநாளும் அதே வாசலில் போய் நிற்கிற அந்தத் திமிரை நான் எடுத்துக்கொண்டேன். யார் கேட்டாலும் தருவதாக இல்லை.