நான்கு அமரர்களும் ஓர் ஆய்வுகூடமும்

எங்கள் பாடசாலையில் ஓர் அறை காலியானது. அதற்கு இரண்டு பேர் போட்டி: விஞ்ஞானம் படிப்பிக்கிற நான், பேண்ட் வாத்தியத்துக்குப் பொறுப்பான மிஸ். எனக்கு ஆய்வுகூடம் வேண்டும், அவருக்கு ட்ரம் வைக்க இடம் வேண்டும். பதினொரு வருடமாக வகுப்பு மேசையில் மெழுகுதிரி கொளுத்தியே விஞ்ஞானம் வளர்த்தவன் நான். அவருடைய ட்ரம்மோ ஊரையே கூட்டிவிடும். நியாயமாகப் பார்த்தால் நானே அவருக்குத்தான் வாக்குப் போட்டிருப்பேன்.

வெள்ளிக்கிழமை கல்விக் கந்தோரிலிருந்து அதிகாரி வந்து பார்த்து முடிவு சொல்வார். அதற்குள் அறையை ஆய்வுகூடம் போலக் காட்டவேண்டும். என்னிடம் இருந்ததோ ஒரு காந்தம், மூன்று சோதனைக் குழாய், வாய் உடைந்த குடுவை ஒன்று. சரி, சுவரையாவது நிரப்புவோம் என்று, நவீன விஞ்ஞானத்தைத் தொடக்கிவைத்த நால்வரின் படங்களை அச்செடுத்தேன். பின்பக்கம் பெயர், பிறப்பு, இறப்பு எல்லாம் அழகாக எழுதி, மஹய்யாவையில் எங்கள் தெருவில் படங்களுக்குச் சட்டம் போடுகிற அண்ணனிடம் கொடுத்தேன்.

"எல்லாரும் போயிட்டாங்களா சேர்?"

"போய் ரொம்பக் காலம்ண்ணே."

"பாவம். வெள்ளிக்கிழமதானே விசேஷம்? காலையில நானே கொண்டுவந்து மாட்டிக் குடுத்துர்றேன். நீங்க ஒண்ணுக்கும் கவலப்படாதீங்க."

நானும் கவலைப்படாமல் தூங்கினேன்.

வெள்ளிக்கிழமை பஸ் பேராதனையில் மாட்டிக்கொண்டது. பாடசாலை இருக்கும் கடுகண்ணாவையில் இறங்கி ஓடிப்போய்க் கதவைத் திறந்தால், அறை முழுக்க ஊதுபத்தி வாசம். நான்கு படங்களுக்கும் பிளாஸ்டிக் சந்தன மாலை. ஒவ்வொன்றின் கீழும் சின்னச் சிவப்பு பல்ப். பெயருக்கு முன்னால் பெரிய எழுத்தில் 'அமரர்'. கீழே தோற்றம், மறைவு.

"என்னண்ணே இது?"

"ஏன் சேர், கொறையா இருக்கா? வருஷத்தப் பார்த்தேன், நூறு நூறா ஓடியிருக்கு. நினைவு நாள் எத்தனாவதா இருந்தா என்ன, மரியாத மரியாததானே?"

முதலாமவர் சூரியனை நடுவில் நிறுத்திப் பூமியைச் சுற்ற விட்டவர். அதை அச்சில் கொண்டுவரச் சாகும் காலம்வரை தயங்கியவர். இரண்டாமவர் தொலைநோக்கியால் வானத்தைப் பார்த்து அதையே உரக்கச் சொன்ன குற்றத்துக்காக வீட்டுக்குள் அடைபட்ட தாடிக்காரக் கிழவர். மூன்றாமவர் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டு, சந்தேகப்படுகிற தன்னை மட்டும் விட்டுவைத்தவர். பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள் என்பதற்காக எதையும் ஏற்காதே என்று பாடுபட்ட மனிதர்கள், ஊதுபத்திப் புகைக்குள் பரிதாபமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அந்த அம்மாவுக்கு மட்டும் பொட்டு வச்சிருக்கேன்," என்றார் அண்ணன். "சுமங்கலியாத்தானே போனாங்க?"

அந்த அம்மா, விழுகிற பழத்தையும் சுற்றுகிற நிலாவையும் ஒரே விதிக்குள் கொண்டுவந்த ஆண். கடைசிவரை கலியாணமே கட்டாதவர். தோள்வரை தொங்கும் பொய்முடி அந்தக் காலத்து வழக்கம்.

"அது ஆம்பளண்ணே!"

"வெள்ளக்காரங்க பேர்ல ஆம்பளயா பொம்பளயான்னு எனக்கு எப்படி சேர் தெரியும்?"

பொட்டைத் துடைக்க நான் கதிரையில் ஏறவும் அதிகாரி வரவும் சரியாக இருந்தது. பக்கத்தில் அதிபர், பின்னால் பேண்ட் மிஸ். சிவப்பு பல்புகளைக் கண்டதும் அதிகாரி வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றினார். அதிபரும் கழற்றினார். நானும் இறங்கிக் கழற்றினேன். எல்லோரும் தலை குனிந்து நின்றோம்.

"இங்க படிப்பிச்சவங்களா?" என்று அதிகாரி மெதுவாகக் கேட்டார்.

அதிபர் பெயர்களை வாசித்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். "எல்லா ஸ்கூல்லயும் இவங்கதான் சேர் படிப்பிக்கிறாங்க."

"அப்ப இதுக்குள்ள ட்ரம் வைக்கிறது சரியில்லையே. மிஸ் என்ன சொல்றீங்க?"

"ஐயோ, எனக்கு வேணாம் சேர்! அந்தத் தாடிக்காரர் என்னையே பாக்குறாரு."

"ஆய்வுகூடமாவே இருக்கட்டும். கடிதம் அனுப்புறேன்."

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். அந்தத் தாடிக்காரரையும் ஒருநாள் முழங்காலில் நிறுத்தி, பூமி அசையவில்லை என்று சொல்ல வைத்தார்கள். அவரை மிரட்டினார்கள். என்னை யாரும் மிரட்டவில்லை. ஆய்வுகூடத்துக்கு வேண்டிய தண்ணீர்க் குழாயும் தொட்டியும் அந்த அறையில் இருந்தன, அவ்வளவுதான்.

திங்கட்கிழமை முதல் பாடம். 'யார் சொன்னாலும் நம்பாதே, சோதித்துப் பார்' என்று பலகையில் எழுதினேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கை தூக்கினாள்.

"சேர், இந்த ரூம்ல ஆவி இருக்குன்னு பேண்ட் மிஸ் சொல்றாங்க. நாங்க அஞ்சு பேர் ஸ்கூல் விட்டதும் இருந்து சோதிச்சுப் பாக்கவா? இல்லன்னு தெரிஞ்சா மிஸ்ஸுக்கும் சொல்லிரலாம்."

நான் எழுதியதை நானே ஒருமுறை வாசித்துப் பார்த்தேன்.

"கந்தோர்க் கடிதம் வரட்டும் மகள். அதுக்குப் பிறகு சோதிப்போம்."

"ஆவிக்கும் கடிதத்துக்கும் என்ன சேர் சம்பந்தம்?"

அன்று அந்த அறையில் இருந்த ஒரே விஞ்ஞானி அவள்தான்.