எக்ஸ்ரேயில் தெரியாத வலி

மலைமேல் ஒரு பள்ளியில் பிளஸ் டூவுக்கு உயிரியல் எடுக்கிறேன். ஒருநாள் பள்ளி விட்டு வரும்போது மாரமங்கலம் ரோட்டு வளைவில் காட்டெருமை குறுக்கே வந்து என் ஸ்கூட்டர் கவிழ்ந்தது. இடுப்பெலும்பில் விரிசல். எலும்பு கூடிவிட்டது, வலி போகவில்லை. பஸ் அந்த வளைவை நெருங்கும்போதே இடுப்பில் ஆரம்பித்துக் கால் வரைக்கும் இறங்கும்.

சேலத்தில் எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்தார். பிறகு என் கணவரைப் பார்த்துச் சொன்னார்: "எலும்பு நல்லா இருக்குதுங்க. இது வெறும் பயம். அம்மாவைத் தைரியமா இருக்கச் சொல்லுங்க."

அந்த அம்மா பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள்.

என் கணவர் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். நல்ல மனிதர். அதனால்தான் அவர்மேல் கோபம் இன்னும் கூடியது. விசாரித்தவர்களுக்கெல்லாம் டாக்டர் சொன்னதையே சொன்னார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எனக்குத் தைரியம் கேட்டு ஜெபித்தார்கள். வலி தீர வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை.

பயத்தைத் தெளியவைக்கிறேன் என்று ஒரு சனிக்கிழமை அவர் பைக்கை அந்த வளைவிலேயே நிறுத்தினார். கொஞ்ச நேரம் இறங்கி நின்றால் சரியாகிவிடும் என்றார். வேண்டாம் என்று கெஞ்சினேன். கேட்கவில்லை. இறங்கியதும் இடுப்பைப் பிடுங்கி எடுத்ததுபோல் ஒரு வலி. கால் மடங்கி ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். பின்னால் வந்த ஜீப்பில் ஏற்றித்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அந்த வாரம் முழுக்க அவரோடு நான் பேசவில்லை.

அடுத்த வாரம் வலிக்கென்றே வைத்தியம் பார்க்கும் ஒரு பெண் டாக்டரிடம் தனியாகப் போனேன். தூக்கம் எப்படி, மாதவிடாய் எப்போது நின்றது என்று கேட்டார். விபத்து நடந்த அதே வருடம்தான் நின்றது. அதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை.

மாதவிடாய் நிற்கும்போது குறையும் ஈஸ்ட்ரோஜனும், பயத்தில் சுரக்கும் கார்ட்டிசாலும் செல்லுக்குள் நுழைந்து ஏற்பிகள் என்ற புரதங்களோடு சேர்கின்றன, அந்த ஏற்பிகள் உட்கருவில் எந்த மரபணு வேலை செய்ய வேண்டும் என்பதையே மாற்றுகின்றன என்றார். உட்கரு ஏற்பிகள். வருடா வருடம் நான் கரும்பலகையில் வரைகிற படம். வலியைக் கடத்தும் நரம்பிலும், பயத்தை நினைவில் வைக்கும் மூளைப் பகுதியிலும் அதே ஏற்பிகள் இருக்கின்றனவாம். ஹார்மோன் ஏறி இறங்கினால் வலியும் மாறலாம், பயம் மறப்பதும் தாமதமாகலாம். எல்லாம் இன்னும் முழுசாகத் தெரியவில்லை என்பதையும் ஒளிக்காமல் சொன்னார்.

"உங்க வலி நெசம், பயமும் நெசம்ங்க. ஒண்ணு இன்னொண்ணைத் தூண்டி விடுது. ரெண்டுக்கும் சேர்த்துத்தான் வைத்தியம் பாக்கோணும்."

வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் நின்று அழுதேன். நிம்மதியில் வந்த அழுகை இல்லை. இத்தனை மாதம் என்னை ஒரு கோழையாக நடத்தியவர்கள் ஒவ்வொருவர் முகமும் நினைவுக்கு வந்தது, ஆத்திரம் தாங்கவில்லை.

வீட்டுக்குப் போனதும் கணவரை உட்காரச் சொன்னேன். டாக்டர் சொன்னதை எல்லாம் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டே, உன் நல்லதுக்குத்தான் அப்படிச் செய்தேன் என்றார்.

"ஏனுங்க, வலிக்குதுன்னு நான் சொன்னேன். நீங்க அந்த எலும்பு டாக்டர் சொன்னதை நம்புனீங்க, என்னை நம்பலை. இனிமே அந்த வளைவுக்கு எப்பப் போகோணும், எவ்வளவு நேரம் நிக்கோணும்னு நான்தான் சொல்லுவேன்."

"சரி புள்ள," என்றார்.

மருந்து, உடற்பயிற்சி, தூக்கத்துக்கு ஒரு ஒழுங்கு. வளைவுக்கு வெகு தூரத்திலேயே நின்று திரும்பி, மெல்ல மெல்ல நெருங்கினேன். அவர் கூடவே நடந்தார், அவசரப்படுத்தவில்லை. இப்போது அந்த வளைவை நடந்தே கடக்க முடிகிறது. மழைக்காலத்தில் இன்னும் வலிக்கிறது.

கோபம் மட்டும் ஆறவில்லை. போன மாதம் என் வகுப்புப் பெண் ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் சுருண்டு கிடந்தாள். மாதாமாதம் இப்படித்தானாம். பரீட்சை பயம் டீச்சர், விடுங்க என்று சக ஆசிரியர் ஒருவர் சிரித்தார். அவரிடம் நான் சத்தம் போட்டது ஹெட்மிஸ்ட்ரஸ் அறை வரைக்கும் கேட்டதாம். விசாரித்தார்கள். மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். மாட்டேன் என்று சொல்லிவிட்டு, அந்தப் பெண்ணின் அம்மாவுக்குப் போன் போட்டு, அவளை டாக்டரிடம் காட்டச் சொன்னேன்.