முடி கொட்டாத சூப்பர்வைசர்

எங்கள் கம்பெனி கேன்டீனுக்கு இப்போது காய்கறி வெட்டியே வந்துவிடுகிறது. பையைப் பிரித்து அண்டாவில் கொட்டினால் வேலை முடிந்தது. நேற்று ஒரு பையில் தப்பித் தவறி ஒரு கொத்தமல்லித் தண்டு வேரோடு கிடந்தது. அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அறைக்கு வந்தேன். சட்டையைக் கழற்றும்போது மணம் வந்தது. அப்போதுதான் யாருக்காக எடுத்து வந்தேன் என்று யோசித்துச் சிரித்துக்கொண்டேன்.

உங்களிடம் சொல்வதற்கென்ன, நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். கூச்சக்காரன் வேறு. பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தில் குரல் கொடுக்க வெட்கப்பட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்திருக்கிறேன். இருங்காட்டுக்கோட்டையில் இந்த அறைக்கு வந்த புதிதில், நாலு மாதமாகியும் எதிர் அறைக்காரர்களிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. ஆறு பேரும் தென்காசிப் பக்கத்துப் பையன்கள். அதில் இசக்கி என்பவனுக்குக் கார் பாகங்களைச் சரிபார்க்கும் வேலை. ஒருநாள் அவன் ஸ்ரீபெரும்புதூர் கடையிலிருந்து நான்கு கினி பிக் வாங்கி வந்து, இரண்டு அறைக்கும் நடுவிலிருந்த நடையில் பெட்டி கட்டி விட்டான். வாலில்லாத, கொழுத்த எலி மாதிரி இருக்கும். பெரிய வெள்ளை ஒன்று மற்ற மூன்றையும் முட்டித் தள்ளிக்கொண்டு திரியும். அதற்கு சூப்பர்வைசர் என்று பெயர்.

கேன்டீனில் வீணாகிற கேரட் தோலையும் முட்டைக்கோஸ் மேல் இலையையும் ஒரு பையில் கொண்டுபோய்ப் போட்டேன். மறுநாள் நான் படியேறும்போது பை சரசரத்ததும் நான்கும் கீச்சென்று கத்தின.

"அண்ணாச்சி, ஒங்க பை சத்தம் கேட்டாலே கூப்பாடு போடுதுவ, பாத்தியளா!" என்றான் இசக்கி.

அதுவரை என் வருகைக்காக யாரும் சத்தம் போட்டதில்லை. அன்றிலிருந்து தினம் ஒரு பை. சில நாள் இரண்டு.

இரண்டு மாதம் கழித்து, நான்கில் கறுப்பாக இருந்த ஒன்றுக்கு முதுகில் முடி இல்லை. வீட்டுக்கார அம்மா பார்த்துவிட்டார்.

"இன்னாப்பா இது, சொறி புட்ச்ச எலிய வூட்ல வெச்சிகினு கீற? கொழந்தைங்க நடமாடற எடம். ஞாயித்துக்கெழம நான் வரசொல்ல இதுங்க இங்க இருக்கக் கூடாது, ஆமா."

இசக்கிக்கு முகம் செத்துவிட்டது. ஊரை விட்டு வந்தவனுக்கு ஷிப்ட் முடிந்து வந்தால் பேச்சுத் துணை அவைதான். சோளம் விளைந்த கதை, அக்கா கல்யாணம் எல்லாம் அவற்றிடம்தான் சொல்வான். அவன் வேலையில், அடிபட்ட பாகத்தைச் சிவப்பு டிரேயில் ஒதுக்கிவிட வேண்டும். அதே பழக்கத்தில், கறுப்பை ஒரு சிவப்பு டிரேயில் தனியாகப் போட்டு வேப்பெண்ணெய் தடவினான். அது மூலையில் ஒடுங்கிக்கொண்டது. இலையை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. மூன்று நாளில், பெட்டியில் இருந்த பழுப்புக்கும் முதுகில் முடி போய் வெளுத்தது.

எனக்கு அப்போது காலை ஷிப்ட். மதியம் வந்து நடையில் உட்கார்ந்து பார்த்தேன். நான் போட்டதெல்லாம் மெத்தென்ற தோலும் இலையும். அரை மணியில் தீர்ந்துபோனது. சூப்பர்வைசர் இங்குமங்கும் மோந்தது. அப்புறம் பழுப்பின் பக்கத்தில் போய் அதன் முதுகு முடியைக் கடித்து மெல்ல ஆரம்பித்தது. பழுப்பு அசையவில்லை. சலூனில் உட்கார்ந்திருப்பவர் மாதிரி இருந்தது. தூக்கிப் பார்த்தேன். புண் இல்லை, பொடுகு இல்லை. கத்தரியால் வெட்டினாற்போல் அடிமுடி நின்றது.

வாயிருந்து என்ன செய்ய? இரண்டு நாளாகியும் இதை இசக்கியிடம் சொல்லவில்லை. சூப்பர்வைசர் அவன் செல்லம். அதைவிட, என் பைதான் காரணம் என்றால் நாளை எதைக் கொண்டு அந்தப் பக்கம் போவது?

ஞாயிற்றுக்கிழமை வந்தது. வீட்டுக்கார அம்மாவும் வந்தார். இசக்கி அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தான், தலை நிமிரவில்லை. என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது.

"சொறி இல்லம்மா. தோல பாருங்க, சுத்தமா கீது. முடி கொட்டுனத ஒதுக்கக் கூடாது. அதோ, அந்த வெள்ள, முடி கொட்டாம கீதே, அத்த ஒதுக்கணும். அதான் மத்ததுங்க முடிய மேயுது."

அவர் குனிந்து பார்த்தார். நல்லவேளையாக சூப்பர்வைசர் தன் வேலையில்தான் இருந்தது.

"அடப்பாவி! இதுக்கு நீ பார்லர் வெச்சிக் குடுத்தியா?" என்று இசக்கியைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "ஒரு மாசம் பாப்பேன். அதுக்குள்ள முடி வளரல, எலியோட நீயும் கெளம்பணும், ஆமா."

அவர் போனதும், "தப்பு என்னுதுப்பா. நான் போடறதுல அதுங்களுக்கு வவுறு ரொம்புது, வாய்க்கு வேல இல்ல" என்றேன்.

"நீங்க வேற அண்ணாச்சி, தின்னுபுட்டு சும்மா கெடந்தா எவனுக்கும் சேட்ட வரும்லா."

பக்கத்துக் காலி மனைகளில் இடுப்பளவு புல் நின்றது. தினமும் இருவரும் போய் அறுத்து வந்து பெட்டியை நிரப்பினோம். தோலை ஒரு பிடியாகக் குறைத்தேன். பெட்டியைப் பெரிதாக்கி, நுழைய ஒரு வழி, தப்பிக்க ஒரு வழி என்று இருபுறமும் திறந்த பழைய அட்டைப்பெட்டிகளை உள்ளே வைத்தோம். கறுப்பையும் திரும்பச் சேர்த்து, நடுவில் கம்பிவலை கட்டி, சூப்பர்வைசரை அதற்கு அப்பால் விட்டோம். அங்கிருந்து மற்றவை தெரியும், முடி எட்டாது. ஒரு மாதத்தில் இரண்டு முதுகிலும் முடி வந்தது. வீட்டுக்கார அம்மா தடவிப் பார்த்துவிட்டு வாடகையை வாங்கிக்கொண்டு போனார். வலையை எடுத்த பிறகும் சூப்பர்வைசர் புல்லோடு நிறுத்திக்கொண்டது.

அடுத்த வருஷம் இசக்கிக்குக் கான்ட்ராக்ட் முடிந்தது. நான்கையும் மடியில் வைத்துக்கொண்டு ஊர் பஸ் ஏறினான். காலி மனைகளில் இப்போது குடோன் நிற்கிறது, புல்லுக்கு இடமில்லை. சிவப்பு டிரேயில் நான் வெங்காயம் வைத்திருக்கிறேன்.

எதிர் அறையில் இப்போது வேறு ஆறு பேர். ஒரு வருஷமாகப் பார்க்கிறேன், பெயர் தெரியாது. படியேறும்போது கையில் பை இல்லை, சரசரப்பும் இல்லை. நான் வந்தது அவர்களுக்குக் கேட்பதில்லை.