சின்னத்துரைக்கு விட்ட வழி

தெல்தெனியப் பக்கம் எங்கள் தோட்டத்துக்குப் பெரிய துரையின் உதவியாளராக வந்த வெள்ளைக்காரச் சின்னத்துரை, ஸ்கொட்லாந்தில் பேர்போன உதைபந்தாட்டக்காரராம். பத்து வருஷம் இடது ஓரமாகவே ஓடி விளையாடினாராம். தேயிலைக்கு முந்திய காப்பிக் காலத்தில் கொட்டை காயப்போட்ட பழைய களத்தில், தேயிலைத் தொழிலாளிகளான எங்களைச் சேர்த்து ஆட்டம் வைத்தார். அவருடைய ஓரத்தில் அவரை மறிக்க வேண்டியவன் நான்.

முதல் நாளே ஏழு கோல் போட்டார். அதில் கெட்டித்தனம் ஒன்றுமில்லை. துரை எதிரே வந்தால் பாதையை விட்டு இறங்கி நிற்பது தோட்டத்து வழக்கம். அவர் பந்தோடு வந்தபோதெல்லாம் நான் ஒதுங்கி நின்றேன். தலைப்பாகையைக்கூடக் கழற்றினேன்.

ஏழாவது கோலோடு மனுஷர் சீறிவிட்டார். "ஏன்டா ஒதுங்குற? பாதையிலதான் நான் தொர, இங்க இல்ல. மறி!"

மறித்தேன். மழைச்சேற்றில் குப்புற விழுந்தார். முகமெல்லாம் சேறாக எழுந்தவர், "இப்பதான் எங்க ஊரு மாதிரி இருக்கு" என்று சிரித்தார்.

மறுநாள் காலை மலைப்பாதையில் எதிரே வந்தார். பழக்கம் விடுமா? இறங்கி நின்றேன். தலையை ஆட்டிவிட்டு, நொண்டி நொண்டிக் கடந்து போனார். அவ்வளவு சந்தோஷமாக நான் யாருக்கும் வழி விட்டதில்லை.