எந்திரம் வாங்க வந்த மாப்பிள்ளை

என் அண்ணன் எங்கெல்பர்ட் பெண் கேட்கப் போன இடத்தில் திராட்சை பிழியும் எந்திரத்தை விலை பேசிவிட்டு வந்தான். நிஜமாகவே நடந்ததுதான். போர் முடிந்து, ரஷ்யாவில் சிறைபட்டிருந்தவன் வீடு திரும்பிய வருஷம். புதுச் சட்டையும் பூங்கொத்துமாகப் பக்கத்து ஊருக்குப் போயிருக்கிறான். பெண்ணின் அப்பா கதவைத் திறந்ததும் நாக்கு ஒட்டிக்கொண்டது. முற்றத்தில் கிடந்த மர எந்திரத்தைக் காட்டி, "இது என்ன விலை?" என்று கேட்டுவிட்டான். மறுவாரம் அதை வண்டியில் ஏற்றப் போனபோதுதான் பெண்ணிடம் விஷயத்தைச் சொன்னான். அவள் பெயர் நோட்புர்கா. ஊருக்கெல்லாம் புர்கி, எனக்கு அண்ணி.

எங்கள் ஒயின் பெயர் பெற்ற ஒயின் இல்லை. சரிவில் கொஞ்சம் கொடிகள், ஊருக்கு வெளியே மண்மேட்டைக் குடைந்த நிலவறை, வீட்டு முற்றத்தை ஒட்டி ஒரு கூடம், அவ்வளவுதான். புட்டியில் அடைத்து லேபிள் ஒட்டும் வேலையெல்லாம் கிடையாது. வாசலில் ஊசியிலைக் கிளையைக் கட்டித் தொங்கவிட்டால் அன்றைக்குக் கடை உண்டு. ஜாடியில் எங்கள் ஒயின், தட்டில் நாங்களே செய்த ரத்த சாசேஜ், பன்றிக்கொழுப்பு தடவிய ரொட்டி, ஊறவைத்த வெள்ளரி. ஒயின் செய்வது அண்ணன். ரொட்டி வெட்டுவது தங்கை ஓட்டி, அதாவது நான். விற்பது அண்ணி.

விற்பது என்பதைவிட, வந்தவர்களைத் திட்டுவது என்று சொன்னால் பொருத்தமாக இருக்கும். வியன்னாவிலிருந்து ஜனங்கள் பஸ் பிடித்து வந்ததே அவளிடம் திட்டு வாங்கத்தான்.

"ஒயின் புளிக்குதுன்னு முகத்தச் சுளிக்காதீங்க. உங்க மூஞ்சியப் பாத்துத்தான் அது புளிச்சுப் போச்சு."

"போன வருஷம் இதே மேஜைல வேற பொண்ணோட உக்காந்திருந்தீங்களே? ஓ, இவங்கதான் சம்சாரமா? மன்னிச்சுக்கம்மா, அது இவரு தங்கச்சியா இருக்கும்."

கூடம் அதிரும். கடைசியில் யாராவது எந்திரக் கதையைக் கேட்பார்கள். அண்ணி இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொல்வாள்: "எந்திரத்துக்குத்தான் காசு குடுத்தாரு. நான் கூடவே இலவசமா வந்தேன்." அந்த நேரம் பார்த்து அண்ணன் ஜாடிகளோடு உள்ளே வருவான். "எந்திரம் இன்னும் நல்லா வேலை செய்யுது" என்பான். அவன் நாள் முழுக்கப் பேசுவது அந்த ஒரு வரிதான். அதற்குத்தான் சிரிப்பு அதிகம். அவனுக்கும் அதில் சந்தோஷம் இருந்தது. எனக்குத் தெரியும்.

அவர்களுக்குக் குழந்தை இல்லை. கல்யாணமாகிச் சில வருஷம் கழித்து நான்தான் அண்ணியை வியன்னாவுக்கு டாக்டரிடம் அழைத்துப் போனேன். குறை அவளிடம், இனி வழியில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். திரும்பும் ரயிலில் ஜன்னல் கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டே வந்தாள். வீட்டில் அண்ணன் கேட்டுக்கொண்டான். கொஞ்ச நேரம் பூட்ஸைத் துடைத்தான். பிறகு சொன்னான்:

"யாராவது கேட்டா என்னாலதான்னு சொல்லிடு புர்கி. எனக்கென்ன, ஆம்பளைங்க சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்க."

அதைப் பல வருஷம் அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு கோடையில், நகரத்துக் கசாப்புக் கடைக்காரர் ஒருவர் நிறையக் குடித்துவிட்டு, எந்திரக் கதை முடிந்ததும் குரல் கொடுத்தார்.

"எந்திரம் நல்லா வேலை செய்யுது, சரி. வீட்டுல ஒரு தொட்டில் கூடக் காணோமே அம்மா?"

அண்ணி யோசிக்கவேயில்லை. "எந்திரத்துல ஒரு கோளாறும் இல்லீங்க. பிழியறவருக்குத்தான் சத்து போதல."

மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள். ஒரு கிழவருக்குப் புரையேறி முதுகில் தட்டவேண்டி வந்தது. சமையற்கட்டு ஜன்னல் வழியே நான் அண்ணனைப் பார்த்தேன். காது சிவந்திருந்தது. ஜாடிகளை ஒவ்வொரு மேஜையாக, ஒரு சொட்டுச் சிந்தாமல் வைத்தான். வெளியே போனான்.

கூட்டம் போன பிறகு கேட்டேன்: "அண்ணி, உங்களுக்கே இது அடுக்குமா?"

"அவருதானே சொல்லிக்கச் சொன்னாரு. நீயும்தான் கேட்டுட்டு இருந்த."

"அது வீட்டுக்குள்ள சொன்னது."

"கூடமும் வீட்டுக்குள்ளதான் இருக்கு. நீ கத்தியக் கழுவு."

அதற்கப்புறம் எந்திரக் கதையை யாரும் தனியாகக் கேட்கவில்லை, 'சத்து போதல' என்ற கடைசி வரியோடுதான் கேட்டார்கள். அண்ணன் கூடத்துக்கு வராமல் இருந்து பார்த்தான். விடவில்லை. "மாப்பிள்ளையக் கூப்பிடுங்க, சத்து இருக்கான்னு பாப்போம்" என்று தட்டினார்கள். வந்தான், வைத்தான், போனான். அவனுடைய வரியை அவன் மறுபடி சொல்லவேயில்லை. கொடிகளுக்கு நடுவில் என்னோடு வேலை செய்யும்போதும் பேச்சு நின்றுபோனது. இரண்டு அறுவடை அப்படியே கழிந்தது.

மூன்றாவது அறுவடையில், சாறு பீப்பாய்களில் பொங்கிக்கொண்டிருந்த வாரம். அந்த வாரத்தில், பொங்கும் சாற்றிலிருந்து கிளம்பும் ஆளைக் கொல்லும் கெட்ட காற்று நிலவறைத் தரையில் தேங்கி நிற்கும். அதற்கு நிறமோ வாசனையோ கிடையாது. மெழுகுவத்தியை முழங்கால் உயரத்தில் பிடித்துக்கொண்டுதான் இறங்கவேண்டும், சுடர் அணைந்தால் திரும்பிவிடவேண்டும். எங்கள் ஊரில் நடக்கப் பழகும் குழந்தைக்கே இது தெரியும். அண்ணனும் அந்தக் குழந்தைகளில் ஒருவனாக இருந்து வளர்ந்தவன்தான்.

சாப்பாட்டுக்குக் கூப்பிட நிலவறைக்குப் போன அண்ணி, மேலே மேஜையில் மெழுகுவத்தி ஏற்றப்படாமல் கிடப்பதைப் பார்த்தாள். பக்கத்திலேயே தீப்பெட்டி. படிக்கட்டின் வாயில் நின்று கூப்பிட்டாள், பதில் இல்லை. கீழே இறங்காமல் ஓடிவந்து தீயணைப்புக்காரர்களை அழைத்தாள். அவர்கள் முகமூடி போட்டுக்கொண்டு இறங்கி அவன் உடலைத் தூக்கி வந்தார்கள். கடைசிப் பீப்பாய்க்கு எதிரே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தானாம். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்திருந்தான்.

"மெழுகுவத்தி இல்லாம இறங்கற ஆளா இவரு?" என்று போலீஸ்காரர் கேட்டார். எங்கள் கூடத்தில் அவரும் சிரித்தவர்தான்.

"மறதிக்காரரு. எப்பவுமே மறதி" என்றாள் அண்ணி.

அவர் அண்ணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். விபத்து என்று எழுதிக்கொண்டார். பாதிரியாரும் மேலே கேட்காமல் முறைப்படி அடக்கம் செய்தார்.

அண்ணன் விட்டுப்போன ஒயினைப் பக்கத்துத் தோட்டக்காரரை வைத்து நானே தெளியவைத்து முடித்தேன். வழக்கம்போல மெல்லிய, கொஞ்சம் புளிப்பான ஒயின். வசந்தத்தில் அண்ணி கிளையைக் கட்டினாள். கறுப்பு உடையில் வந்து, என்ன வேண்டும் என்று கேட்டு, கொண்டுவந்து வைத்தாள். யாரையும் திட்டவில்லை. ஜனங்களுக்கு உட்கார முடியவில்லை. கால் லிட்டரை அவசரமாகக் குடித்துவிட்டு கிளை தொங்கிய எதிர்வீட்டுக்குப் போனார்கள். வெட்டிய ரொட்டி தினமும் கோழிக்குப் போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வியன்னாவிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் பஸ்ஸில் வந்தார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் கேட்டார், "அம்மா, அந்த எந்திரக் கதை சொல்லுவீங்களே?"

தெரிந்தவர்கள் அவர் காலை மிதித்தார்கள். அண்ணி என் பக்கம் ஒரு தடவை திரும்பினாள். பிறகு இடுப்பில் கை வைத்தாள்.

முழுக் கதையையும் சொன்னாள். அண்ணன் வரவேண்டிய இடத்தில் நிறுத்தி, தோளைக் கூனிக்கொண்டு, அவனுடைய கட்டைக் குரலிலேயே, "எந்திரம் இன்னும் நல்லா வேலை செய்யுது" என்றாள். அச்சு அசல் அவனேதான். என் கை ரொட்டியில் அப்படியே நின்றது. பிறகு அந்தக் கடைசி வரியையும் சொன்னாள். கைதட்டினார்கள். அன்று ரொட்டி மிஞ்சவில்லை.

அந்தக் கோடை முழுவதும் இப்படித்தான். திராட்சை பழுக்கும் சமயம், விவரம் தெரியாத ஒரு பெண் சிரித்து முடித்துவிட்டுக் கேட்டாள், "மாப்பிள்ளை இப்ப எங்கங்க?"

"நிலவறைக்குப் போயிருக்காரு. மெழுகுவத்தி மிச்சமாகட்டும்னு இருட்டுலயே இறங்கிட்டாரு. இன்னும் மேல வர வழி தெரியல."

ஊர்க்காரர்கள் தட்டைப் பார்த்துக் குனிந்தார்கள். யாரோ ஒருவர் மூக்கால் சிரித்தார். அது மேஜைக்கு மேஜை பரவியது. நான் கத்தியை வைத்துவிட்டு ஏப்ரனைக் கழற்றினேன்.

"ரொட்டிய யாரு வெட்டறது?" என்றாள் அண்ணி, எல்லோருக்கும் கேட்க. அதற்கும் சிரித்தார்கள். கூடத்தின் நடுவழியாகவே நடந்து வெளியே போனேன்.

நகரத்துச் சர்க்கரை ஆலையில் வேலை கிடைத்தது. கல்லறைத் திருநாளன்று சாமந்திப் பூ வாங்கிக்கொண்டு அண்ணனைப் பார்க்கப் போனேன். எனக்கு முன்பே அண்ணி அங்கே மண்டியிட்டு, பிரஷ்ஷால் கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே பேசினாள்.

"உன் இடத்துல ஒருத்திய வெச்சிருக்கேன் ஓட்டி. ரொட்டிய செங்கல் மாதிரி வெட்டுறா."

"அண்ணி, அந்த டாக்டர் சொன்னத ஒரே ஒரு தடவை கூடத்துல சொல்லுங்க. அண்ணன் பேருல பழி வேண்டாம்."

அவள், அண்ணன் பெயர் வெட்டிய எழுத்துகளுக்குள் பிரஷ்ஷை விட்டுத் துழாவினாள்.

"அதுக்கு யாரும் சிரிக்க மாட்டாங்க" என்றாள்.

மிச்சத் தண்ணீரைக் கல்லில் ஊற்றினாள். எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டாள். மத்தியானம் இரண்டு பஸ் வருகிறது, நேரமாகிறது என்று வாளியை எடுத்துக்கொண்டு போனாள்.